இடப்பக்கம் எழுதாதது

ஜனவரி 6, திங்கள்

"வாயில போற எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதுங்க" என்று டாக்டர் மெர்லின் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். பட்டன் சப்ளை செய்கிறவர்கள் எங்கள் பனியன் கம்பெனிக்குக் கொடுத்த டைரி இது. இடப்பக்கம் டாக்டருக்கு: காலை இட்லி மூன்று, மதியம் ரசம் சாதம், சாயங்காலம் டீ ஒன்று. வலப்பக்கம் எனக்கு. வலப்பக்கத்தை யாருக்கும் காட்டப்போவதில்லை, டாக்டருக்கு இடப்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். நாளைக்கு யாராவது நடந்ததை மாற்றிச் சொன்னால் எனக்கே ஆதாரம் வேண்டும், அதனால் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் நாச்சிமுத்துவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. சர்க்கரையும், ஈரலில் வருஷக்கணக்காகச் சேர்ந்த கொழுப்பும்தான் காரணம். பத்து நாளுக்கு ஒரு முறை வயிற்றிலிருந்து நீர் எடுக்கிறார்கள். அவர் ஓட்டிக்கொண்டிருந்த எட்டு விசைத்தறியும் நின்றுவிட்டது. யாராவது ஈரலில் ஒரு பங்கை அறுத்துக் கொடுத்தால் பிழைப்பார், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து இதைப் பேசினார்கள். அண்ணன், அவர் மனைவி தனபாக்கியம், அவளுடைய தம்பி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நங்கைக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. "கலா இருக்குதல்ல. அதுக்கென்ன, புள்ளையா குட்டியா" என்றாள் நங்கை. தண்ணீர் கேன் தூக்கிவர யார் போவது என்று பேசுகிற குரலில் சொன்னாள். நான் அங்கேயேதான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினாறு வருஷத்துக்கு முன் புருஷன் வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு திரும்பி வந்தேன். அன்றைக்கும் அண்ணன் எதுவும் கேட்கவில்லை, மாடியறையைத் திறந்துவிட்டார். அப்போது அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

இப்போது என் ரத்தத்தில் தகராறு. எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு நொதி. ஈரலுக்குள் இருக்க வேண்டியது, ஈரல் அடிபட்டால் கசிந்து ரத்தத்துக்கு வந்துவிடுமாம். நாற்பதுக்குள் இருக்க வேண்டும். டிசம்பரில் எனக்கு 61. இன்று 142. இது இறங்காமல் கத்தி வைக்க மாட்டார்களாம்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"டீ குடிப்பனுங்க."

அவர் சிரிக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க, எல்லாரையும் கேக்கணும். மாத்திரை, நாட்டு மருந்து எதாவது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த நங்கை, "அதெல்லாம் எதும் இல்லீங்க" என்றாள். என் வாய்க்கும் அவளே பதில் சொல்லிவிடுகிறாள்.

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் வழக்கம்போல நங்கையின் டம்ளர். வேலியோர வேப்பமரத்தில் படர்ந்திருக்கிற சீந்தில் கொடியை வெட்டி, தண்டை இடித்து, மஞ்சளும் மிளகும் போட்டுச் சுண்டக் காய்ச்சுவாள். ஈரலைக் கழுவிச் சுத்தமாக்குமாம். கடைசி மடக்கு இறங்கும்வரை எதிரே நிற்பாள். கார்த்திகையில் ஆரம்பித்தது, ஒரு நாள் விட்டதில்லை. அண்ணனுக்குப் போகப்போகிற ஈரல், அழுக்காக இருக்கக் கூடாதல்லவா.

இதை இடப்பக்கம் எழுதவில்லை. சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. வீட்டில் காய்ச்சுவதையெல்லாம் யார் கணக்கில் எடுப்பார்கள்.

ஜனவரி 11, சனி

இன்று கம்பெனியில் நாற்பது பீஸில் எண்ணெய்க் கறை. வெள்ளை டி-ஷர்ட், வலது தோளில், எல்லாவற்றிலும் ஒரே இடம். நான் மேற்பார்க்கிற செக்கிங்குக்குப் புதிதாக வந்த பெண்கள் கறையைப் பார்த்ததும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட்டு அடுத்த பீஸை எடுக்கிறார்கள். நான் கத்தினேன். ஒதுக்குவதற்கு எதற்கு இத்தனை பேர்? பண்டல் சீட்டைப் பார், எந்த டேபிளிலிருந்து வந்தது பார், போய் மெஷினை நிறுத்து. பதினோராம் நம்பர் மெஷினில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் நங்கை என் கைப்பையைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரிக்காத மிக்சர் பாக்கெட் ஒன்று கிடைத்தது.

"எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னு சொன்னாங்களா இல்லியா? அங்க ஒரு மனுசன் உசுருக்குக் கெடக்கறாரு. வேணும்னே பண்றயா நீ?"

இருபது கிராம் மிக்சர். வேணும்னே பண்ணுகிறேனாம். என்ன வாய் இது. கதவைச் சாத்திக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

அண்ணனின் பெரிய மகன் சிபி சென்னையிலிருந்து வந்திருக்கிறான். இருபத்து மூன்று வயது, தினம் ஜிம்முக்குப் போகிறானாம், தோள் இரண்டும் கதவை அடைக்கிறது. சின்னவன் தருண் கல்லூரியில் இருக்கிறான், பரீட்சை என்று வரவில்லை.

சிபி கடைக்குப் போக வண்டிச் சாவி தேடினான், பர்ஸை என்னிடம் கொடுத்தான். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த லைசென்ஸில் ரத்தப் பிரிவு போட்டிருந்தது. ஓ பாசிட்டிவ். என்னுடையதும் அதுதான்.

"ஏண்டா, உனக்கும் எனக்கும் ஒரே குரூப்பா?"

"ஆமாங்க அத்தை. நான் குடுக்கறேன்னு மொதல்லயே சொன்னேன். கல்யாணமாகாத பசங்க குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில ரூல் இருக்குதாமா. அம்மா சொல்லுச்சு."

சமையலறையில் நங்கையைக் கேட்டேன். அவள் கரும்பை வெட்டுவதை நிறுத்தவில்லை. "காங்கேயத்துல பொண்ணு பாத்து வெச்சிருக்கறோம். வயித்துல இத்தாம்பெரிய தழும்போட நிக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

என் வயிற்றில் இருந்தால் பரவாயில்லை. எனக்குப் பார்க்க ஆள் இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறாள். அப்படி ஒரு விதி உண்டா என்று யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

205.

இந்த இரண்டு வாரமும் எண்ணெய் தொடவில்லை, முட்டை தொடவில்லை, காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். அதற்குக் கூலி 205.

டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வருகிறார். மஞ்சள் காமாலைக் கிருமியில் பி இல்லை, சி இல்லை. ஸ்கேனில் கொழுப்பு இல்லை. தைராய்டு சரி. ஈரலில் செம்பு சேருகிற வியாதி, இரும்பு சேருகிற வியாதி, இரண்டும் இல்லை. உடம்பே தன் ஈரலை எதிரியென்று நினைத்துத் தாக்குகிற ஒன்று உண்டாம், அதுவும் இல்லை. இந்த நொதி கொஞ்சம் தசையிலும் இருக்கும், கனமான வேலை செய்தால் அங்கிருந்தும் கசியலாம் என்று அதற்கும் ஒரு டெஸ்ட். தசையும் சரி. பதினாலு குழாய் ரத்தம் எடுத்துவிட்டு, "காரணம் தெரியலை, கலாமணி" என்கிறார்.

வரும்போது காரில் பெருமாநல்லூர் தாண்டினதும் நங்கை, "இவ மனசுல நல்ல எண்ணம் இருந்தா ஒடம்பு கேக்காமயா போகும்" என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கேட்கிறேன், என் ஈரலை வைத்து என் எண்ணத்தை அளக்கிறாளே, அவளுடைய எண்ணத்தை எந்த லேபில் கொடுத்துப் பார்ப்பது?

ஜனவரி 25, சனி

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஆபீசிலிருந்து ஒரு கவர் வந்தது. ஐப்பசியில் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தார்கள். எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டை இப்போதுதான் கொடுக்கிறார்கள், மூன்று மாசம் பீரோவில் தூங்கியிருக்கிறது.

என் எஸ்.ஜி.பி.டி. 22.

டிபனைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஐப்பசியில் 22. மார்கழி பிறந்தபோது 61. பிறகு 142, 205. கறை இல்லாத பீஸ் ஒன்று கையில் இருக்கிறது, கறை பட்ட பீஸ் மூன்று இருக்கிறது. நடுவில் எந்த மெஷின் வந்தது? அதே வீடு, அதே கம்பெனி, அதே சோறு, குறைத்துச் சாப்பிட்ட சோறு. புதிதாக வந்தது ஒன்றே ஒன்றுதான். கார்த்திகையில் வந்தது. தினமும் காலையில் டம்ளரில் வருகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனை வாங்கி சீந்தில் கொடி, ஈரல் என்று போட்டுப் பார்த்தேன். நல்லது என்று பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். சிலருக்கு ஈரலைக் கெடுக்கிறது என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். மஞ்சளும் மிளகும் சேர்த்துத் தினமும் மருந்தாகக் குடித்துச் சிலருக்கு ஈரல் வீங்கியதாகவும் ஒன்று இருந்தது.

என்ன ஒரு கூத்து. ஈரலைச் சுத்தப்படுத்துகிறேன் என்று நின்று பார்த்துக் குடிக்கவைத்து, அதைக் கெடுத்து, பிறகு எனக்கு நல்ல எண்ணம் இல்லை என்கிறாள். இன்றைக்கே அவள் முகத்தில் ரிப்போர்ட்டை வீச வேண்டும் என்று பஸ் ஏறினேன். வீட்டில் அண்ணனுக்கு நீர் எடுத்துவிட்டு வந்திருந்தார்கள், சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

ஜனவரி 27, திங்கள்

போன் செய்யவில்லை. சரக்கு ஏற்றுகிற நாள், நிற்க நேரமில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இன்றும் நேரமில்லை.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை

நங்கை கொடுமுடிக்குப் போயிருக்கிறாள். அப்படியே சிவகிரியில் அம்மா வீட்டில் இரண்டு நாள். ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். மிளகு அதிகம்.

ஜனவரி 31, வெள்ளி

காலையில் நானே கொடி வெட்டினேன். கத்தி மொண்ணை, சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு ராகிக் கூழ். எனக்கு டம்ளர்.

பிப்ரவரி 3, திங்கள்

318.

டாக்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்ப நான் உங்க அண்ணனைப் பத்திப் பேசலை. உங்களைப் பத்திப் பேசறேன். இது இப்படியே ஏறினா உங்களுக்கே ஈரல் தேட வேண்டி வரும்." இடப்பக்கங்களையெல்லாம் புரட்டினார். இட்லி, ரசம், டீ. உதட்டைப் பிதுக்கினார்.

காரில் ஏறியபின் அண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண் இரண்டும் மாம்பழ நிறம்.

"உன்ற கண்ணும் மஞ்சளாட்டம் இருக்குது, அம்மிணி."

"வெயிலுங்கண்ணா."

அவர் நங்கையிடம், "போதும், இவளை உட்டுரு. நான் போனாப் போறேன்" என்றார்.

போனாப் போறேனாம். எவ்வளவு சுலபம். சாவதை முடிவு செய்தபோதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்கள், வேண்டாம் என்று முடிவு செய்ததும் அவர்கள். நடுவில் நான் யார், கூரியர் பார்சலா?

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நங்கை டம்ளரை நீட்டினாள். அவள் கண்ணெதிரே பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். ஐப்பசி ரிப்போர்ட்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன்.

"இதாங்க நங்கை காரணம். உங்க கஷாயம்."

"கஷாயமா? என்ற அப்பன் தொண்ணூறு வயசு வரைக்கும் குடிச்சாரு!"

"உங்கப்பாவுக்கு ஒத்துக்கிச்சு. எனக்கு ஒத்துக்கலை. இருபத்தி ரண்டுல இருந்தவளை முந்நூத்திப் பதினெட்டுக்குக் கொண்டாந்து உட்டிருக்கறீங்க."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லதுக்குத்தான புள்ள குடுத்தேன். அப்ப நானேதான் அவரு உசுருக்கு ஒல வெச்சனா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். வளையல் ஒன்று உடைந்து தெறித்தது. பிறகு கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டாள்.

"இப்பத்தானுங்க" என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தனியாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நாட்டு மருந்து எடுக்கறீங்களான்னு கேட்டேனே."

"அது மருந்துன்னு எங்க யாருக்கும் தோணலீங்க. வேலியில மொளைச்சது."

எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருடைய ஈரல்தான் இதைத் தாங்காது, அது யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். நிறுத்தினால் தானாக இறங்கிவிடும். இடப்பக்கங்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். ஒரு நாளில்கூட அந்த டம்ளர் இல்லை. "எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று அவரும் கேட்டார். எல்லாருக்கும் இதே கேள்வி.

"முந்தாநேத்துங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கலாமணி, இதை எல்லாரையும் தனியா வெச்சுத்தான் கேப்பேன். உங்களுக்கு இதுல இஷ்டமா?"

கல்யாணமாகாத பையன் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"அப்படி எந்த விதியும் இல்ல. உங்களுக்கு வேண்டாம்னா, ரத்தம் சரியில்லை, இவங்க குடுக்க முடியாதுன்னு நாங்களே வீட்டுல சொல்லிடுவோம். காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம். இது உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன். ஆறு மணி பஸ் இருந்தது, ஐந்தரைக்கே போய் நின்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

140. நங்கை ஆள் வைத்துச் சீந்தில் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டாள். காலையில் வெறும் சுடுதண்ணீர் கொடுத்தாலும் முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறாள்.

மார்ச் 3, திங்கள்

58. அண்ணன் இன்று என் பெயரை மறந்து அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஈரல் கெட்டால் மூளை இப்படிக் குழம்பும் என்கிறார்கள். மருந்து கொடுத்தபின் சரியாகிவிட்டது. நான் மாடிக்கு வந்து துணி மடித்தேன், மடித்ததையே திரும்ப மடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

33.

நங்கை சாமி முன்னால் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். காங்கேயத்துக்குப் போன் போட்டு, வைகாசியில் தேதி பார்க்கலாம் என்று சொன்னாள். அவளுடைய தம்பி என்னைப் பார்த்து, "இனிப் பிரச்சினை இல்ல" என்று சிரித்தான். எல்லாருக்கும் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அண்ணன் மட்டும் பொங்கலைத் தொடாமல் வைத்திருந்தார். சர்க்கரை அவருக்கு ஆகாது, ஆனால் அதனால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கமிட்டி. மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், வீடியோ எடுப்பார்களாம்.

மார்ச் 21, வெள்ளி

நிதானமாக எழுதுகிறேன்.

மூன்று பேரில் நடுவில் இருந்தவர் வயதானவர், காதில் மெஷின். "யாரும் கட்டாயப்படுத்தாம, உங்க சொந்த விருப்பத்துல குடுக்கறீங்களாம்மா?" என்றார். பேப்பரைப் பார்த்துத்தான் படித்தார். தினமும் நாலு பேரிடம் கேட்கிற கேள்வி.

கார்த்திகையிலிருந்து எத்தனை தடவை மனசுக்குள் சொல்லியிருப்பேன், என்னை ஒருத்தர் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன் என்று. இப்போது கேட்டுவிட்டார். என் வாயிலிருந்து வந்தது, "எனக்கு இஷ்டமில்லீங்க."

அவர் மெஷினைத் திருகிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன். அப்படியென்றால் கேட்காததுதான் காரணம் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் பாதிதான் நிஜம். எனக்கு வேண்டாம். பயம். என் வயிறு, என் ஈரல், பதினைந்து வருஷமாக ஒரு நாள் லீவு போடாத உடம்பு. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் டாக்டர் மெர்லின் என் கையைத் தொட்டார். "நான் போய்ச் சொல்லிடறேன், திரும்ப டெஸ்ட்ல ஏறிடுச்சுன்னு."

"வேண்டாங்க டாக்டர். அது முப்பத்தி மூணு. நல்ல பீஸ்ல நான் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டினதில்லை. நானே சொல்லிக்கறேன்."

வராந்தாவில் அண்ணன் சக்கர நாற்காலியில், பக்கத்தில் நங்கை, சிபி. கமிட்டிக்காக அவனும் சென்னையிலிருந்து வந்திருந்தான்.

"அண்ணா, என்ற ஈரல் நல்லாத்தான் இருக்குது. நான் குடுக்கலீங்கண்ணா. முடியாதுன்னு உள்ள சொல்லிட்டேன்."

நங்கைக்கு முதலில் புரியவேயில்லை. "எறங்கிருச்சுன்னு சொன்னாங்களே, அப்பறம் என்ன?" என்றாள். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. வெகுநேரம் என்னைப் பார்த்தார். கார்த்திகைக்குப் பிறகு முகத்துக்கு நேராக அப்படிப் பார்த்தது இன்றைக்குத்தான்.

"இதை நீ கார்த்திகையிலயே சொல்லிருக்கலாம், அம்மிணி."

"நீங்க கார்த்திகையிலயே கேட்டிருக்கலாமுங்கண்ணா."

"கேட்டா நீ இல்லைன்னு சொல்ல மாட்டீன்னுதான் கேக்கலை."

"கேக்காட்டியும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. அதனாலதான் டிவியைப் பாத்துட்டு இருந்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா ஸ்தானத்தில் இருந்த மனிதர், சாகக் கிடக்கிறவர், அவரிடம் இப்படிப் பேசினேன். பேசியதை அழிக்கப்போவதில்லை.

பிறகு சிபி பக்கம் திரும்பி, "கல்யாணமாகாதவங்க குடுக்கக் கூடாதுன்னு ரூல் எதும் இல்ல, சாமி" என்றேன்.

அவன் அவனுடைய அம்மாவைப் பார்த்தான். நங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டான்.

"பிப்ரவரியில."

ஒன்றரை மாதம். அவன் நேராக டாக்டர் அறைக் கதவைத் தட்டினான்.

மார்ச் 24, திங்கள்

சிபிக்கு 76. நங்கை போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. அவனுக்குத் தசை டெஸ்டில் எகிறியிருக்கிறது, ஜிம்மில் தூக்கின கனம்தான். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்தால் இறங்கிவிடும் என்றார் டாக்டர். என்னோடு யாரும் பேசுவதில்லை. என் சோற்றை நானே ஆக்கிக்கொள்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

சிபிக்கு 38.

காங்கேயத்துக்காரர்கள் போன் செய்தார்கள். "இப்போதைக்குத் தள்ளி வெச்சுக்கலாமுங்க" என்றார்களாம். தள்ளி வைப்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

காலை ஐந்தரைக்குச் சிபியை உள்ளே கொண்டுபோனார்கள். ஏழு மணிக்கு அண்ணனை. போகும்போது அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். பிடித்தேன்.

உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிட்டது. நங்கை எதிர் வரிசையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். மிக்சர் பாக்கெட்டுக்காக எவ்வளவு கத்தியிருக்கிறேன். வேணும்னே பண்றயா என்று அவள் கேட்டபோது அது அபாண்டம். பதினைந்து நாள் கழித்துக் கேட்டிருந்தால் அபாண்டம் இல்லை.

இதை இடப்பக்கமே எழுதுகிறேன், அங்கேதான் வர வேண்டும்: ஜனவரி 26 முதல் பிப்ரவரி 3 வரை, தினமும் காலை, சீந்தில் கஷாயம் ஒரு டம்ளர். ஒன்பது டம்ளர். தெரிந்தே.

சாயங்காலம் ஆறரைக்கு இருவரையும் ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். நன்றாக முடிந்தது என்றார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணன் கண்ணைத் திறந்தார். வெள்ளையாகிக்கொண்டு வருகிறதாம்.

காலையில் நர்ஸ், சிபியின் எஸ்.ஜி.பி.டி. 412 என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நங்கை அப்படியே சுவரில் சாய்ந்தாள். அவளுக்குத் தெரிந்த எண்ணெல்லாம் என்னுடைய 318 வரைதான். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் ஓடி வந்தாள்.

"கலா, நானூத்திப் பன்னண்டாமா! என்ற புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"ஈரலை அறுத்தா கசியத்தானுங்க செய்யும். இது அறுத்ததுனால வந்தது, நோவுனால வந்ததில்லை. ஒரு வாரத்துல எறங்கிரும். எனக்கு எறங்கலையா?"

டாக்டர் மெர்லினும் வந்து அதையே சொன்னார். அதன்பிறகுதான் நங்கைக்கு மூச்சு வந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நங்கை, ஒண்ணு சொல்லணும். கஷாயம்தான் காரணம்னு எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சும் ஒம்போது நாள் குடிச்சேன். நீங்க கொடுமுடி போனப்ப நானே காய்ச்சிக் குடிச்சேன்."

அடிப்பாள் என்றே நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ குடுத்திருந்தா என்ற மகன் வயித்துல கத்தி விழுந்திருக்காது" என்றாள்.

"ஆமாங்க நங்கை."

மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைக்கு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். நானும் எழுந்தேன். இரண்டு பேரும் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

கேன்டீனில் அவள் எனக்கு முன்னால் போய் நின்றாள். வழக்கம்போல அவளே ரெண்டு டீ என்று சொல்லிவிடுவாள் என்று காலி மேசை தேடிப் போனேன். வாயைத் திறந்தவள் நிறுத்திவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உனக்கு என்ன வேணும், கலா?"

பலகையில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழே படித்தேன். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாள்.

"காபி" என்றேன். "சக்கரை தூக்கலா."

இடப்பக்கம்: காபி ஒன்று.